குண்டை இலக்கிலிருந்து தேர்ந்தெடுங்கள்: வேட்டைக்கும் நெடுந்தூரச் சுடுதலுக்கும் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ரைஃபிள் கைக்கு வந்த புதிதில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டா வேகமாகப் போகும்?" என்பதுதான். தோட்டாப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும் குழல்வாயில் அளந்த வேகம்தான் என்பதால் அப்படிக் கேட்பது இயல்பே. ஆனால் குண்டு தன் வேலையைச் செய்வது குழல்வாயில் இல்லை. இருநூறு, நானூறு, எண்ணூறு மீட்டருக்கு அப்பால் இலக்கைத் தொடும் இடத்தில்தான். அங்கே போய்ச் சேரும்போது அதனிடம் எவ்வளவு வேகம் மிஞ்சியிருக்கிறது, அந்த வேகத்தில் அது விரியுமா, சிதறுமா, ஊசிபோல் ஊடுருவிப் போய்விடுமா என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். கடந்த நாற்பது ஆண்டுகளில் குண்டு வடிவமைப்பில் ஏற்பட்ட முன்னேற்றங்கள் அனைத்தும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் பிறந்தவைதான். ஆகவே இந்த வழிகாட்டி இலக்கில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து குழலுக்கு வந்து சேர்கிறது.

எந்த நாட்டில் இருந்தாலும் ஆயுத உரிமம், வேட்டைக்கான அனுமதி, எந்த விலங்குக்கு எந்த வகைக் குண்டு என்ற விதி ஆகியவற்றை அங்குள்ள சட்டத்தைப் படித்துத் தெளிந்த பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். வேட்டை முழுவதுமாகத் தடைசெய்யப்பட்ட இடங்களில், கீழே சொல்பவற்றில் காகித இலக்குக்கும் எஃகுத் தகட்டுக்கும் உரிய பகுதி மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

படி 1: தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் தோட்டா என்றே சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த, தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே இருக்கும் வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டு வெளியேறுவது குண்டு மட்டுமே. இக்கட்டுரை பேசுவதும் அதைப் பற்றித்தான். குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் குறிப்பார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், அதாவது 150 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 9.7 கிராம்.

வாய்ப்பு இருந்தால், தோட்டாவில் பொருத்தப்படாமல் தனியாக விற்கும் ஒரு சாதாரண வேட்டைக் குண்டை வாங்கி, வைஸில் இறுக்கி, அரத்தால் நீளவாக்கில் பாதிவரை அராவிப் பாருங்கள். முழுத் தோட்டாவை ஒருபோதும் இப்படிச் செய்யக் கூடாது. ஈயத் தூள் பறக்கும் என்பதால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அராவிய முகத்தில் வெளியே செம்பு நிறத்தில் ஒரு கோடும் உள்ளே மங்கிய சாம்பல் நிற ஈயமும் தெரியும். அந்தச் செம்புக் கோட்டை மூக்கிலிருந்து அடிவரை கண்ணால் தொடர்ந்து வந்தால், மூக்கருகே தாள்போல் மெலிந்திருப்பது அடியை நெருங்க நெருங்கத் தடித்துக்கொண்டே வருவது புலப்படும். மெலிந்த இடத்தில் பிளந்து விரியத் தொடங்கிய குண்டு, தடித்த இடத்தில் விரிவதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். விரிவதைத் தொடங்கி வைப்பதும் அதை உரிய இடத்தில் நிறுத்துவதுமாகிய இந்த இரட்டை வேலைதான் வேட்டைக் குண்டு வடிவமைப்பின் மொத்தப் போராட்டமும் ஆகும்.

படி 2: காகிதமா, உயிருள்ள விலங்கா?

இந்த முடிவை எடுக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். போட்டிக் குண்டு துல்லியத்துக்காக மட்டுமே செய்யப்படுகிறது. காகிதத்தில் துளை விழுந்த பிறகு அது என்ன ஆனாலும் கவலையில்லை. வேட்டைக் குண்டோ துல்லியத்தோடு, உடலுக்குள் நுழைந்த பிறகு கட்டுப்பாட்டோடு விரியவும் வேண்டும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போட்டிக் குண்டின் மூக்கு நுனியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைப் பார்த்தவுடன், விரிவதற்காக வைத்த துளை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது தயாரிப்பு முறையால் எஞ்சிய துளை. அடிப்பக்கம் மூடிய செம்புக் கிண்ணத்தில் ஈயத்தை நிரப்பி, மேல்வாயை அச்சில் அழுத்திக் குவித்துக்கொண்டே வரும்போது முழுவதும் மூட முடியாமல் நின்றுபோன வாய்தான் அது. அடிப்பக்கம் ஒரே சீராக மூடியிருப்பது துல்லியத்துக்கு நல்லது என்பதற்காகவே அந்த முறையைக் கையாள்கிறார்கள். இத்தகைய குண்டு உடலுக்குள் போனால் சில வேளை வெடித்துச் சிதறும். சில வேளை மூக்கு வளைந்து பக்கவாட்டில் உருண்டு போகும். சில வேளை எதுவும் நடக்காமல் மறுபுறம் வெளியேறிவிடும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத குண்டை ஓர் உயிரின் மீது பிரயோகிப்பது எனக்கு உடன்பாடில்லை.

முழுவதும் உறையிட்ட, விரியாத இராணுவ வகைக் குண்டும் வேட்டைக்கு உரியதன்று. போர்க்களத்தில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் செய்யப்பட்ட பிரகடனம் போருக்கு மட்டுமே உரியது. வேட்டையில் நிலைமை நேர் எதிரானது: விரியாத குண்டு துளைத்த மான் கிலோமீட்டர் கணக்கில் ஓடி, எங்கோ புதருக்குள் மெல்ல மெல்லச் சாகும். அதனால்தான் பல நாடுகளின் வேட்டைச் சட்டங்கள், விரியும் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிடுகின்றன.

படி 3: சேரும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

வேட்டைக்கு என்று முடிவு செய்துவிட்டால், நீங்கள் சுடப்போகும் மிகக் குறைந்த தூரத்தையும் மிக அதிகத் தூரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகத் தூரம் என்பது ரைஃபிளின் திறனைப் பொறுத்தது என்று எண்ண வேண்டாம். மூச்சு வாங்கும் நிலையில், மேடைத் துணையில்லாமல், காற்று அடிக்கும்போது, பத்துக்குப் பத்து முறையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வட்டத்துக்குள் உங்களால் சுட முடிகிற தூரமே உங்கள் எல்லை. பெரும்பாலோருக்கு அது அவர்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

பிறகு அந்த இரு தூரங்களிலும் குண்டின் வேகம் என்ன என்று பாருங்கள். தயாரிப்பாளர் அட்டவணையிலோ, குண்டு பறக்கும் பாதையைக் கணிக்கும், கைபேசியில் கிடைக்கும் பாலிஸ்டிக் கணிப்புச் செயலியிலோ இதை எளிதாகப் பெறலாம். எடுத்துக்காட்டாக, .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில், மூக்கில் ஈயம் வெளியே தெரியும் சாதாரணமான 150 கிரெய்ன் மென்முனைக் குண்டு குழல்வாயில் நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், 400 கஜத்தில், அதாவது ஏறத்தாழ 365 மீட்டரில், நொடிக்கு 540 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈயக் கரு கொண்ட பல வேட்டைக் குண்டுகள் நம்பத்தக்க அளவு விரிய நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் தேவை என்பது பழைய கைக்கணக்கு. ஆகவே அந்தத் தோட்டா 400 கஜத்தில் தன் விளிம்பில் நிற்கிறது. செம்பினால் மட்டுமே ஆன குண்டுகளில் பல, 600 மீட்டர் வேகத்துக்குக் கீழே தயங்கத் தொடங்கும். நெடுந்தூர வேட்டைக்கென்றே வந்துள்ள புதிய குண்டுகள் 500 மீட்டர் வேகத்திலும் அதற்குக் கீழேயும் விரியும்படி மூக்கை மென்மையாக்கியிருக்கின்றன. தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச வேகம் எதுவோ, அதற்கு மேல் நொடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் கைவசம் வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்த எண்ணில் விரிவது தொடங்கும் என்பதுதான் பொருள். நன்றாக விரிந்து முடியும் என்பதன்று.

மறுமுனையையும் மறக்கக் கூடாது. நெடுந்தூரத்துக்காக மென்மையாகச் செய்த குண்டு, இருபது மீட்டரில் முழு வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் மேற்பரப்பிலேயே சிதறிப்போகலாம். தூரத்துக்கு ஏற்ற குண்டு அருகிலும் சரியாக நடந்துகொள்ளுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

படி 4: உள்கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சற்று விரிவாகப் பேச வேண்டிய இடம். புகையற்ற மருந்து வந்து வேகம் கூடியபோது வெறும் ஈயக் குண்டு குழலின் உட்புறச் சுருள் வரிப்பள்ளங்களில் உருகிப் பூசிக்கொள்ளத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்பே, 1882இல், சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் உருவாக்கியிருந்த செம்பு உறையிட்ட குண்டு அதற்கு வழியானது. 1905இல் ஜெர்மன் இராணுவம் தன் 14.7 கிராம் உருண்டை மூக்குக் குண்டைக் கைவிட்டு, 10 கிராம் அளவில் கூர்மூக்குக் குண்டுக்கு மாறியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா .30-06 தோட்டாவில் 150 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டை ஏற்றுக்கொண்டது. உறையும் கூர்மூக்கும் சேர்ந்தபோது வேகம் கிடைத்துவிட்டது. அந்த வேகத்தையே குண்டின் கட்டுமானத்தால் தாங்க முடியாமல் போனது அடுத்த சிக்கல்.

1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் .300 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிளால் ஒரு மூஸ் மானைச் சுட்டார். அதன் உடம்பில் சேறு காய்ந்து ஓடுபோல் படிந்திருந்தது. அருகிலிருந்தே சுட்டும், வேகம் மிகுந்த குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி, உள்ளுறுப்புகளைச் சென்றடையாமல் போயின. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் பார்ட்டிஷன் குண்டு. அதை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் ஆங்கிலத்தின் எச் எழுத்துப் போல் நடுவே ஒரு செம்புச் சுவர் குறுக்கே நிற்கும். முன்னறை ஈயம் விரிந்து தேய்ந்து போனாலும் பின்னறை ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஊடுருவலைத் தொடரும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது கடைசிவரை காத்துக்கொள்ளும். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குண்டு விற்பனையில் இருப்பதற்கு அந்தச் சுவரே காரணம்.

இன்று கடையில் கிடைப்பவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரித்து நினைவில் வைக்கலாம். முதலாவது, உறைக்குள் ஈயத்தை வெறுமனே அழுத்தி நிரப்பிய எளிய வகை. விலை குறைவு, துல்லியம் நன்று, மிதமான வேகத்தில் மான் அளவு விலங்குகளுக்குப் போதும். எலும்பில் மோதினால் உறையும் கருவும் பிரிந்துவிடலாம் என்பது அதன் குறை. இரண்டாவது, மேலே சொன்ன தடுப்புச் சுவர் வகை. மூன்றாவது, ஈயத்தையும் செம்பு உறையையும் வெப்பத்தாலோ வேதியியல் முறையாலோ ஒன்றோடொன்று ஒட்டவைத்த பிணைப்பு வகை. இது காளான்போல் விரிந்தாலும் ஈயம் உறையை விட்டுப் பிரியாது. நான்காவது, ஈயமே இல்லாமல் செம்பு அல்லது செம்புக் கலவையால் மட்டும் ஆனது.

நான்காவது வகையை ராண்டி புரூக்ஸ் 1989இல் பார்ன்ஸ் எக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார். மூக்கில் ஆழமான குழி. உடலில் நுழைந்ததும் திரவ அழுத்தத்தால் அது நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி மடியும். எடை கிட்டத்தட்ட நூறு விழுக்காடும் எஞ்சும். ஆனால் முதல் தலைமுறைக் குண்டுகள் குழலில் செம்பைப் பூசின. சில ரைஃபிள்களில் துல்லியமும் கிடைக்கவில்லை. 2003இல் உடலைச் சுற்றி வளையப் பள்ளங்கள் வெட்டிய வடிவம் வந்தபோது, குழலோடு உரசும் பரப்பு குறைந்து, நசுங்கும் செம்பு ஒதுங்கவும் இடம் கிடைத்து, இரண்டு குறைகளும் பெருமளவு நீங்கின. இப்போது பல நிறுவனங்கள் கணினிக் கடைசலில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுத்த செம்புக் குண்டுகளையும் தருகின்றன.

மூக்கு நுனியில் சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும் பிளாஸ்டிக் முனையை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். நாஸ்லர் நிறுவனம் 1984இல் பாலிஸ்டிக் டிப் என்று அறிமுகப்படுத்திய பிறகு பரவலான இந்த முனை இரண்டு காரியங்களைச் செய்கிறது: பறக்கும்போது காற்றைக் கூர்மையாகக் கிழிக்கிறது, மோதும்போது ஆப்புபோல் பின்னுக்குத் தள்ளப்பட்டு மூக்கைப் பிளக்கிறது. ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் பின்னுதைப்பால் மென்முனை நசுங்கும் தொல்லையும் இதனால் இல்லை. இந்த முனையில் மறைந்திருந்த ஒரு குறை டாப்ளர் ராடார் வந்த பிறகே வெளிப்பட்டது. ஹார்னடி நிறுவனத்தார் குண்டின் வேகத்தைப் பறக்கும் வழி நெடுக அளந்தபோது, காற்று உரசும் வெப்பத்தால் பிளாஸ்டிக் முனை இளகி உருக்குலைவதும், அதனால் காற்றுத் தடை கணக்கைவிடக் கூடுவதும் தெரியவந்தன. 2015இல் அவர்கள் வெப்பம் தாங்கும் முனையோடு புதிய குண்டுகளை வெளியிட்டார்கள். 2019இல் போட்டிக் குண்டுகளுக்கு அலுமினிய முனையும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு உருகலால் எண்ணூறு மீட்டரில் குண்டு தாழ்ந்து விழுவதை, அதற்கு முன்னர் எத்தனையோ பேர் தங்கள் கைப்பிழை என்றே எண்ணி வருந்தியிருப்பார்கள்.

ஈயத்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விரியும் ஈயக் குண்டிலிருந்து பிரியும் துணுக்குகள் காயத்திலிருந்து வெகு தள்ளி இறைச்சியில் பரவுவதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. அவற்றில் பல, பல்லில் அகப்படாத அளவுக்கு நுண்ணியவை. காட்டில் விட்டுவரும் குடல் குவியலைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகள் அந்த ஈயத்தால் நஞ்சேறிச் சாகின்றன. கலிபோர்னியாவில் காண்டோர் கழுகுகளின் அழிவுக்கு இது முதன்மைக் காரணமாக அறியப்பட்டு, 2019 ஜூலை 1 முதல் அங்கு வேட்டைக்கு ஈயம் கலந்த எந்தத் தோட்டாவையும் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டென்மார்க்கும் 2024 முதல் வேட்டை ரைஃபிள்களில் ஈயக் குண்டைத் தடைசெய்துள்ளது. நானூறு மீட்டருக்குள் வேட்டையாடுபவர் தன் வீட்டாருக்கு அந்த இறைச்சியைச் சமைத்துக் கொடுப்பவராகவும் இருந்தால், செம்புக் குண்டிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன்.

படி 5: குழலின் முறுக்கோடு பொருத்திப் பாருங்கள்

இங்கே நானே ஒரு தவறு செய்தேன். .223 ரைஃபிள் ஒன்றில் 55 கிரெய்ன் குண்டு அருமையாகக் கூடி விழுந்துகொண்டிருந்தது. காற்றை இன்னும் நன்றாகச் சமாளிக்கும் என்று 77 கிரெய்ன் நீளக் குண்டை வாங்கிச் சுட்டேன். நூறு மீட்டரில் ஐந்தில் இரண்டு காகிதத்தையே தொடவில்லை. தொட்ட மூன்றும் வட்டத் துளையாக இல்லாமல், சாவித் துவாரம்போல் நீளவாக்கில் கிழிந்த துளைகளாக இருந்தன. ஒன்றில் குண்டின் பக்கவாட்டு உருவமே சாம்பல் நிறத்தில் அச்செடுத்தாற்போல் பதிந்திருந்தது. குண்டு மூக்கை முன்னிறுத்திப் பறக்காமல் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் குழலின் முறுக்கு, அதாவது அதன் உட்பள்ளங்கள் குண்டைச் சுழற்றும் அளவு, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 77 கிரெய்ன் குண்டுக்கோ எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும்.

குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைப் பம்பரம்போல் சுழற்றுகின்றன. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு, நிமிடத்துக்கு ஒரு இலட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம் முறைக்கு மேல் சுழலும். குண்டு நீளமாக ஆக, அதை நிமிர்த்தி வைக்க இன்னும் விரைவான சுழற்சி தேவை. நீளம்தான் இங்கே முக்கியம். எடை என்பது நீளத்தை ஊகிக்க நாம் பயன்படுத்தும் அடையாளம் மட்டுமே. இந்த வேறுபாடு செம்புக் குண்டுக்கு மாறும்போது கைகொடுக்கும். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம் என்பதால், அதே எடையுள்ள செம்புக் குண்டு கணிசமாக நீண்டுவிடும். ஆகவே 180 கிரெய்ன் ஈயக் குண்டை நிலைநிறுத்திய குழல், 180 கிரெய்ன் செம்புக் குண்டை நிலைநிறுத்தாமல் போகலாம். செம்புக்கு மாறும்போது எடையில் ஒரு படி இறங்குவது பாதுகாப்பானது. எடையை முழுவதும் காத்துக்கொள்ளும் குண்டாதலால் ஊடுருவலில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

நிலைப்பை எண்ணாகச் சொல்லும் மில்லர் சூத்திரம் பெரும்பாலான கணிப்புச் செயலிகளில் உண்டு. குண்டின் எடை, விட்டம், நீளம், குழலின் முறுக்கு ஆகியவற்றைக் கொடுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஒன்றுக்குக் கீழே என்றால் குண்டு உருளும், 1.5 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. குளிர்ந்த, அடர்ந்த காற்றில் இந்த எண் குறையும் என்பதால், கோடையில் மலை மேல் 1.1 என்று ஒப்பேற்றிய குண்டு குளிர்காலத்தில் கடல்மட்டத்தில் தடுமாறலாம்.

புதிய தோட்டாக்களின் சிறப்பும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் பத்து அங்குல முறுக்கோடு 130 கிரெய்ன் குண்டை மையமாக வைத்து நிலைபெற்றது. அதனால் மிக நீண்ட குண்டுகளை அதில் எளிதாகப் பயன்படுத்த முடிவதில்லை. 2007இல் வந்த 6.5 கிரீட்மூரோ எட்டு அங்குல முறுக்கோடும், நீண்ட குண்டு மருந்து அறைக்குள் இறங்காமல் மேகசினுக்குள் அடங்கும் நீள அளவோடும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டது. அதன் புகழுக்கு மருந்தின் வலிமையைவிட இந்தத் திட்டமிடலே பெரிய காரணம்.

படி 6: காற்றை வெல்லும் வடிவம்

நெடுந்தூரம் சுடுபவருக்குப் புவியீர்ப்பால் குண்டு தாழ்வது பெரிய சிக்கலில்லை. தூரம் தெரிந்தால் அதை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். பக்கக் காற்றே உண்மையான எதிரி. காற்றால் குண்டு எவ்வளவு விலகும் என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. காற்றுத் தடையே இல்லாமல் இருந்தால் குண்டு இலக்கை அடைய எவ்வளவு நேரம் ஆகுமோ அதைக் கண்டு, உண்மையில் ஆகும் நேரத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சும் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். நொடிக்கு 800 மீட்டரில் புறப்பட்ட குண்டு தடையில்லாமல் 500 மீட்டரைக் கடக்க 0.625 நொடி ஆகும். உண்மையில் 0.76 நொடி எடுத்துக்கொண்டால் தாமதம் 0.135 நொடி, நொடிக்கு 4 மீட்டர் வீசும் பக்கக் காற்றில் விலகல் 54 சென்டிமீட்டர். காற்றை நன்கு கிழிக்கும் வேறொரு குண்டு அதே வேகத்தில் புறப்பட்டு 0.72 நொடியில் சேர்ந்தால் விலகல் 38 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். காற்றின் வேகத்தை நீங்கள் தவறாக ஊகித்தாலும் அந்தத் தவறும் அதே விகிதத்தில் சுருங்கும் என்பதே இதன் பெரும் பயன்.

அந்தத் தாமதத்தைக் குறைக்கும் திறனைத்தான் பாலிஸ்டிக் கோஎஃபிசியன்ட், சுருக்கமாகப் பிசி, என்ற எண் சொல்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் பிசி பெரும்பாலும் ஜி1 என்ற அளவுகோலின்படி இருக்கும். ஜி1 என்பது அடி தட்டையான, குட்டையான பழங்காலக் குண்டை ஒப்பீடாகக் கொண்டது. இன்றைய நீண்ட, வால்புறம் படகுபோல் ஒடுங்கிய குண்டுகளுக்கு ஜி7 அளவுகோலே பொருத்தமானது. ஒரே குண்டின் ஜி7 எண் அதன் ஜி1 எண்ணில் பாதி அளவில்தான் இருக்கும். எனவே 0.5 என்று போட்ட குண்டையும் 0.26 என்று போட்ட குண்டையும் ஒப்பிட்டு முதலாவதே சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டும் ஒரே அளவுகோலா என்று பாருங்கள். செயலியில் எண்ணை ஏற்றும்போதும் இதே கவனம் வேண்டும்.

வடிவத்தில் பெரும் பாய்ச்சல் 1980களில் நிகழ்ந்தது. வில்லியம் டேவிஸும் லூயிஸ் பால்மிசானோவும் விஎல்டி (மிகக் குறைந்த காற்றுத் தடை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற, நீண்டு கூர்ந்த மூக்கு வடிவத்தை அப்போது உருவாக்கினார்கள். பழைய வடிவத்தில் மூக்கின் வளைவு உடலோடு மெல்ல இழைந்து சேரும். இவர்களுடையதிலோ ஒரு மெல்லிய விளிம்போடு சேரும். காற்றுத் தடை வெகுவாகக் குறைந்தது, ஆனால் குண்டின் மூக்குக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி சற்று மாறினாலும் துல்லியம் கெடும் பிடிவாதம் அதற்கு இருந்தது. இரண்டு வளைவுகளையும் ஒரே மூக்கில் இணைத்த கலப்பு வடிவம் பின்னர் வந்து அந்தப் பிடிவாதத்தைத் தணித்தது. கடையில் வாங்கும் தோட்டாவை அப்படியே சுடும் புதியவர், இழைந்து சேரும் வளைவிலோ கலப்பு வளைவிலோ தொடங்குவது எளிது.

ஒலியின் வேகத்தை நெருங்கும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். குண்டின் வேகம் ஏறத்தாழ 410 மீட்டருக்கு இறங்கும்போதே அதன் மேல் காற்றழுத்தம் மாறி, சில குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். .308இல் 300 மீட்டர் போட்டிகளுக்காகப் பிறந்த 168 கிரெய்ன் சியரா மேட்ச்கிங் என்ற போட்டிக் குண்டு, அந்தத் தூரங்களில் ஈடு இணையற்றது. ஆனால் அதன் வால் 13 பாகைச் சரிவில் வெட்டென ஒடுங்குவதால், 1000 கஜத்தை நெருங்கும்போது நிலை குலையும் என்று பேர்பெற்றது. அதே வரிசையின் 175 கிரெய்ன் குண்டு 9 பாகை அளவில் மெல்ல ஒடுங்குவதால் அந்த இடத்தை அமைதியாகக் கடந்துவிடுகிறது. வெறும் ஏழு கிரெய்ன், அதாவது அரை கிராமுக்கும் குறைவான வேறுபாடு என்று நினைத்தால், வாலின் இந்தச் சரிவு கண்ணில் படாமலே போய்விடும்.

படி 7: உங்கள் ரைஃபிளில் சுட்டுச் சோதியுங்கள்

காகிதத்தில் எல்லாம் பொருந்திய பிறகு இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்குங்கள். பின்னால் உறுதியான மண்மேடு உள்ள, அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து சோதிக்க வேண்டும். மூன்று குண்டுக் கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று தற்செயலாகக் கூடி விழுவது மிக எளிது. பத்துக் குண்டுகளை ஒரே இலக்கில், குழல் அளவுக்கு மீறிச் சூடேறாதபடி இடைவெளிவிட்டுச் சுட்டால்தான் அந்தத் தோட்டாவின் உண்மை முகம் தெரியும். ஈயக் குண்டிலிருந்து செம்புக் குண்டுக்கு மாறும்போது, அதற்கு முன் குழலை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய படிவின் மேல் சுட்ட முதல் சில குண்டுகளை வைத்து அதன் துல்லியத்தை எடைபோடக் கூடாது.

வேகத்தைப் பெட்டியில் உள்ளபடி நம்பாமல், குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃபால் அளந்து, அந்த எண்ணைச் செயலியில் ஏற்றுங்கள். உங்கள் குழல் குட்டையாக இருந்தால் பெட்டியில் உள்ளதைவிட நொடிக்கு முப்பது நாற்பது மீட்டர் குறைந்திருப்பது வியப்பில்லை. பிறகு நீங்கள் எழுதிவைத்த அதிகத் தூரத்தில் நேரடியாகச் சுட்டு, செயலி சொன்ன இறக்கமும் காகிதத்தில் விழுந்த இறக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தோட்டாவைச் சொந்தமாக நிரப்பும் பழக்கத்துக்குப் பின்னாளில் போனால், ஒரு குண்டுக்குரிய மருந்தளவை அதே எடையுள்ள வேறொரு குண்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். செம்புக் குண்டு நீளமானதும் கடினமானதுமாகையால் அழுத்தம் அபாயகரமாக உயரக்கூடும்.

வேட்டைக் குண்டுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். பழைய செய்தித்தாள்களை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒரு முழத்துக்கு மேல் கனமாக இறுகக் கட்டி, சுடுதளத்தின் அனுமதியோடு உங்கள் அதிகத் தூரத்தில் வைத்துச் சுடுங்கள். ஈரத் தாள் தசைக்கு ஈடாகாது. ஆனால் ஒரு குண்டை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும். என் மேசை இழுப்பறையில் அப்படி மீட்டெடுத்த மூன்று குண்டுகள் கிடக்கின்றன. பிணைப்பு வகைக் குண்டு விட்டம் இருமடங்கான காளானாக, ஈயம் உறையோடு ஒட்டியபடியே இருக்கிறது. செம்புக் குண்டின் நான்கு இதழ்களும் ஒரே அளவில் மடிந்து, விரல் நுனியில் குத்தும் அளவு கூராக நிற்கின்றன. மூன்றாவதும் அதே செம்புக் குண்டுதான், ஆனால் நூறு மீட்டர் கூடுதல் தூரத்தில் சுட்டது. அதன் மூக்கு சற்றே வாய் திறந்திருக்கிறது. இதழ்கள் மடியவே இல்லை. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச வேகத்துக்கு நொடிக்கு இருபது மீட்டர் மேலே இருந்தும் அதுதான் நடந்தது. அந்தக் குண்டைப் பார்த்த பிறகே என் எல்லைத் தூரத்தை நானூறிலிருந்து முந்நூற்று இருபது மீட்டராகக் குறைத்தேன்.

தேர்ந்தெடுத்த தோட்டாவின் பெட்டியில் தொகுப்பு எண் அச்சிட்டிருக்கும். அதே எண் உள்ள பெட்டிகளை ஒரு பருவத்துக்குப் போதுமான அளவு சேர்த்து வாங்கி, குழல்வாய் வேகம், முறுக்கு, அதிகத் தூரம், அங்கே சேரும் வேகம் ஆகிய நான்கையும் ஒரு அட்டையில் எழுதி ரைஃபிளின் கட்டையில் ஒட்டிவையுங்கள். தொகுப்பு எண் மாறும் நாளில் குரோனோகிராஃபை மீண்டும் எடுத்துவைத்து, அந்த அட்டையைப் புதிதாக எழுத வேண்டும்.